முதல் வண்டி – 9: ஊதாத ஹாரன்

மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதே ரொஸீனா காற்று மாறியிருப்பதைக் கவனித்துவிட்டாள். நேற்றுவரை கடலிலிருந்து வீசிய காற்று இன்று முதுகுப் பக்கமிருந்து வந்தது. போர்வை கடலைப் பார்த்துப் படபடத்தது. தெற்குக் காற்று.

வேறொரு நாளாக இருந்தால் கீழே இறங்கியதும் முதல் வேலையாக இதைச் சொல்லியிருப்பாள். "இன்னிக்கு மேல் ரோடு" என்று ஒரு வார்த்தை போதும். இன்று துணிக் கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு சும்மா இருந்தாள்.

காரணம் உங்களுக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில், முயல்கறிப் பாத்திரம் பாதிகூடக் காலியாகாத நேரத்தில், மாமனார் விஸ்தீன் எழுந்து உள்ளே போய் ஆரஞ்சுச் சட்டையை எடுத்துவந்து டோரியானின் தோளில் போட்டாரே, அன்று பற்றிய நெருப்பு இன்னும் அணையவில்லை.

வெளியூர்க்காரர்களை நாலு சக்கரக் குவாட் பைக்கில் ஏற்றி கோசோ தீவைச் சுற்றிக் காட்டுவதுதான் அந்தக் குடும்பத்தின் பிழைப்பு. முதல் வண்டியில் வழிகாட்டி. அவருக்கு ஆரஞ்சுச் சட்டை. நடுவில் விருந்தாளிகள். யாரும் வழிதவறிப் போகாமல் பார்த்துக்கொள்ளக் கடைசியில் ஒரு வண்டி, அதற்குப் பெயர் வால், அதில் வருபவருக்கு மஞ்சள் சட்டை. மூத்த மகன் சல்வுவைக் கட்டிக்கொண்டு வந்த மறுவருஷத்திலிருந்து ஆரஞ்சு ரொஸீனாவுடையது. அந்தச் சட்டையில் உள்பக்கமாக நீலத் துணியில் ஒரு பை இருக்கிறது. அதைத் தைத்தவள் அவள்.

டோரியான் அவளுடைய ஓரகத்தி. கொழுந்தன் கிரிஸ்பின் கட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கோசோக்காரியும் கிடையாது. படகேறி வந்தவள். பெரிய தீவான மால்ட்டாவில் ஸ்லீமா நகரத்துக்காரி, கடற்கரையில்கூடச் செருப்பைக் கழற்றாத சாதி.

"இவ ஜெர்மன் பேசுறா, பிரெஞ்சு பேசுறா, இத்தாலியன்ல ஜோக்கடிக்கிறா" என்று விஸ்தீன் அன்றைக்குச் சொன்னார். "நீ எல்லார்கிட்டயும் கைய ஆட்டியே பேசுற, ரொஸீன்."

எல்லோரும் சிரித்தார்கள். சல்வுவும் சிரித்தான். மற்றவர்களை மன்னித்தாலும் மன்னிப்பாள், அந்த ஒரு சிரிப்பை மன்னிக்க மாட்டாள்.

ஷாரா கிராமத்துச் சதுக்கத்துக்குப் பின்னால் இருக்கிறது அவர்கள் கராஜ். ரொஸீனா வந்தபோது வண்டிகள் வரிசையாக நின்றன. கிரிஸ்பின் துறைமுகத்திலிருந்து விருந்தாளிகளை வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டு அடுத்த படகுக்குப் போய்விட்டிருந்தான். இரண்டு இத்தாலிய ஜோடி, ஒரு பிரெஞ்சுக் குடும்பம், டீட்டர் என்கிற ஜெர்மன்காரரும் அவர் மனைவியும். டீட்டரின் ஹெல்மெட்டில் சின்னதாக ஒரு கேமரா ஒட்டியிருந்தது. காலையிலிருந்தே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கழிவறைக்குப் போனபோது அணைத்தாரா என்பது சந்தேகம்.

டோரியான் ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள். ரொஸீனாவுக்குத் தொளதொளவென்றிருக்கும் சட்டை அவளுக்கு அளவெடுத்தது போல் உட்கார்ந்தது. அதுவே கண்ணை உறுத்தியது. போதாததற்கு அவள் நீலப் பைக்குள் கையை விட்டாள்.

"பொன்ஜு அக்கா! இதுல உங்க சோம்பு மிட்டாய் இருக்கு. ஒண்ணு எடுத்துக்கறீங்களா?"

என் மிட்டாயையே எனக்குத் தானம் பண்ணுகிறாளே என்று ரொஸீனாவுக்கு வயிறு எரிந்தது.

"வேண்டாம். பல்லுவலி."

"மெலா, அப்ப நான் எடுத்துக்கறேன்."

எடுத்துக்கொண்டாள். அதுவும் இரண்டு.

சல்வு ஒரு வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். முகமெல்லாம் கிரீஸ்.

"மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? வாலா வர்றது என்ன கேவலமா? பல்லிக்கு வால்தான் பலம். ஆபத்துன்னா அதாலதான் தப்பிக்குது."

"வால அறுத்துப் போட்டுட்டுத்தான் தப்பிக்குது. அதத்தான் உங்கப்பா பண்ணியிருக்காரு" என்றாள் ரொஸீனா.

சல்வு தலையைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டான். அவனுக்கு எப்போது உள்ளே போக வேண்டும் என்று தெரியும்.

ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டே டோரியான் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, உப்பளத்து வழியாத்தான போறோம்? இன்னிக்கு எதாவது பாத்துக்கணுமா? எனக்கு இன்னும் கொஞ்சம் பயமா இருக்கு."

இதோ கேட்கிறாள். வாய் விட்டுக் கேட்கிறாள். காற்று தெற்கு, உப்பளத்தில் என் அண்ணன் நென்னு இந்நேரம் குவியல் போட்டிருப்பார், வளைவில் துடைப்பம் நிற்கும், நின்றால் அந்தப் பக்கம் போகாதே, மேல் ரோட்டில் திரும்பு. சொல்லி முடிக்க அரை நிமிஷம் ஆகியிருக்காது.

"உனக்குத் தெரியாதது என்ன இருக்கு? மாமாவே உன்ன முன்னாடி வச்சிருக்காரு" என்றாள் ரொஸீனா.

பொய் ஒன்றும் சொல்லவில்லை என்று மஞ்சள் சட்டையின் பட்டனைப் போட்டுக்கொண்டே தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

* * *

துடைப்பத்தின் கதை இதுதான். ரொஸீனா பிறந்த வீட்டுக்காரர்கள் ஷ்வெய்னி கடற்கரைப் பாறையில் பாத்தி வெட்டி உப்பு எடுப்பவர்கள். பாத்திகளுக்கும் மலைக்கும் நடுவே ஓடும் மண் பாதையும் அவர்கள் குத்தகையில்தான் இருக்கிறது. கடல் காற்று அடிக்கிற நாளில் வண்டி எழுப்பும் புழுதி மலைப் பக்கம் போய்விடும், யாருக்கும் தொல்லையில்லை. தெற்குக் காற்றில் அத்தனையும் நேராக உப்பின் மேல் வந்து உட்காரும். அதனால் குவியல் போட்ட நாளில் தெற்குக் காற்றும் சேர்ந்துகொண்டால் நென்னு ஒரு நீளத் துடைப்பத்தைப் பாதை தொடங்கும் வளைவில் பாறை இடுக்கில் செங்குத்தாகச் சொருகி வைப்பார். போன் செய்யலாமே என்றால் மாட்டார். உப்புக் கையால் தொட்டுத் தொட்டு இரண்டு போனைக் கெடுத்த பிறகு அவருக்கு அந்த சாமானே பிடிக்காமல் போய்விட்டது.

ரொஸீனா முதல் வண்டியில் இருந்தவரை துடைப்பம் பேசியது, அவள் கேட்டாள். வேறு யாருக்கும் அதைச் சொல்ல வேண்டிய அவசியமே வந்ததில்லை. டோரியான் வழி பழகிய நாட்களிலும், இந்த வாரம் முழுவதும், கடல் காற்று.

வண்டிகள் கிளம்பின. ஒவ்வொரு முச்சந்தியிலும் முதல் வண்டி நிற்கும், வழிகாட்டி இடது கையைத் தூக்குவாள். கடைசி வண்டி கண்ணுக்குத் தெரிந்து, வால் பதிலுக்குக் கை தூக்கினால்தான் மேலே நகர வேண்டும். இத்தனை வருஷம் முதலில் தூக்கிய கையை இப்போது பதிலுக்குத் தூக்குவது ரொஸீனாவுக்குக் கசந்தது. தூக்கினாள், காது வரைக்கும்தான்.

பேக்கரி வாசலில் பவ்லீனா ரொட்டிப் பையோடு நின்றிருந்தாள். வரிசை போகப் போக எண்ணிக்கொண்டே வந்தவள், கடைசியில் ரொஸீனாவைக் கண்டதும் கண்ணை விரித்தாள்.

"என்னடி ரொஸீன், புழுதி திங்கிற? உன் வண்டி ரிப்பேரா?"

"ரிப்பேர் வண்டியில இல்ல" என்று கத்திவிட்டு ரொஸீனா போனாள்.

பவ்லீனாவுக்கு அது போதும். மத்தியானத்துக்குள் சேதி தேவாலயத்துப் படிக்கட்டு வரை போய்விடும்.

உப்பளத்துக்குச் சற்று முன்னால் மேட்டில் நிறுத்தம். கீழே பாறை முழுவதும் சதுரம் சதுரமாகப் பாத்திகள் மின்னின. விருந்தாளிகள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சுற்றி நின்றார்கள். டோரியான் ஒரு கல்லின் மேல் ஏறிக்கொண்டு ஒரு கதை சொன்னாள்.

ரொஸீனாவின் அப்பா அம்மா கல்யாணக் கதை. மணப்பெண் தேவாலய வாசலுக்கு வந்துவிட்டாள், மாப்பிள்ளையைக் காணோம். பார்த்தால் வடக்கே கறுத்துக்கொண்டு மேகம். மாப்பிள்ளை கல்யாணக் கோட்டோடு பாத்தியில் இறங்கி உப்பை அள்ளிக்கொண்டிருக்கிறார். கடைசியில் பாதிரியார், மேளக்காரர்கள், மணப்பெண் எல்லோருமே வந்து அள்ளினார்கள். மழை பெய்தபோது உப்பு குகைக்குள்ளே இருந்தது, ஊர் முழுக்க நனைந்தது. கல்யாணம் ஈரத் துணியோடு நடந்தது.

வீட்டில் முயல்கறி தின்றுகொண்டே ரொஸீனா எப்போதோ சொன்ன கதை. அவள் சொன்னால் நாலு வாக்கியத்தில் முடிந்துவிடும். டோரியான் மூன்று மொழியில் நடித்தே காட்டினாள். வெயிலில் நனைந்தாள், கற்பனைப் பாவாடையைப் பிழிந்தாள். பிரெஞ்சுப் பையன்கள் கைதட்டினார்கள். டீட்டரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று இத்தாலியக்காரி கேட்டாள்.

"எங்க வீட்டு ஆளுங்கதான்" என்றாள் டோரியான், நெஞ்சைத் தொட்டுக்கொண்டு.

எங்க வீடாம்!

ரொஸீனா தன் வண்டியில் உட்கார்ந்தபடியே இருந்தாள். சட்டையை எடுத்துக்கொண்டாள், மிட்டாயை எடுத்துக்கொண்டாள், இப்போது என் அப்பனையும் அம்மாவையும் எடுத்துக்கொண்டாள். எனக்கென்று எதை மிச்சம் வைத்திருக்கிறாள்? உடம்பெல்லாம் காந்தியது. நியாயமாகப் பார்த்தால் டோரியான் சொன்னதில் தப்பில்லை, ஒரே குடும்பம்தானே. பொறாமைக்காரியிடம் போய் நியாயத்தைப் பேசிப் பாருங்கள்.

வண்டிகள் மேட்டிலிருந்து இறங்கின.

கீழே வளைவு தெரிந்தது. பாறை இடுக்கில் துடைப்பம் நின்றது.

ரொஸீனா கடைசியில் வந்தாலும் மேட்டின் மேல் இருந்ததால் அதை எல்லோருக்கும் முன்பே பார்த்தாள். டோரியான் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. குவாட் வண்டியில் வலது கட்டைவிரலால் ஆக்சிலேட்டரை அழுத்த வேண்டும். இடது கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஹாரன். வால் ஒரு தடவை நீளமாக ஊதினால் முன்னால் இருப்பவள் என்ன ஏது என்று கேட்காமல் நிறுத்திவிட வேண்டும். அதற்காகத்தான் வால் என்று ஒருத்தி வருகிறாள்.

அவளுடைய இடது கட்டைவிரல் ஹாரன் மேல் போய் உட்கார்ந்தது. வண்டி தானாக வேகம் குறைந்தது. ரொஸீனா இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

ஊதினால் டோரியான் நிறுத்துவாள். நல்லவேளை அக்கா என்பாள். சாயங்காலம் வீட்டில் அதையும் ஒரு கதையாக நடித்துக் காட்டுவாள், எல்லோரும் கைதட்டுவார்கள். ஊதாவிட்டால்?

ஒருநாள் அசிங்கப்படட்டும். ஒரே ஒருநாள்.

விரலை எடுத்துவிட்டாள்.

மண் பாதை நேராக இருக்கும், காலியாக இருக்கும், அங்கே வந்ததும் எல்லோருக்குமே கட்டைவிரல் துறுதுறுக்கும். டோரியான் வேகமெடுத்தாள். இத்தாலியர்கள் ஊளையிட்டுக்கொண்டு பின்னால் பறந்தார்கள். புழுதி எழுந்தது. மேலே போகவில்லை, சாய்ந்து, கடலைப் பார்த்து, பாத்திகளின் மேல் போர்வை போல் இறங்கியது.

விடியற்காலையிலிருந்து பெருக்கிக் கூட்டிய குவியல்கள், வெள்ளை வெளேரென்று. தண்ணீர் வடிவதற்காகத் திறந்து கிடந்தன. நென்னுவும் அவர் மனைவி சேத்தாவும் ஆளுக்கொரு தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். எதை மூடுவது, எதை விடுவது? இரண்டு பேருக்கு நாலு கைதானே.

புழுதிக்கு நடுவே கடைசியாக ரொஸீனா வந்தாள். அண்ணன் தார்ப்பாயைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மஞ்சள் சட்டைக்குள் இருப்பது யார் என்று அவருக்குத் தெரிய ஒரு நொடி ஆயிற்று. தெரிந்ததும் தார்ப்பாயைக் கீழே போட்டுவிட்டார்.

* * *

கண்ணாடியில் ஆட்கள் ஓடுவதைப் பார்த்து டோரியான் வண்டிகளை நிறுத்தியிருந்தாள். திரும்பி ஓடிவந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகம் வெளிறியிருந்தது.

"மடோன்னா! என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா?" நென்னு அருகிலிருந்த குவியலில் கையை விட்டு அள்ளி அவள் முன் நீட்டினார். வெள்ளை மேல் பழுப்பாகப் படிந்திருந்தது. "இது என்னன்னு சொல்லு. நாக்குல வச்சுப் பாரு. உப்பா, மண்ணான்னு நீயே சொல்லு!"

"எனக்கு..."

"தொடப்பம் நிக்குது, கண்ணு தெரியலயா? ஸ்லீமாவுல தொடப்பமே கிடையாதா?"

"இருக்கு அண்ணே. ஆனா..." அவளுக்கு இன்னும் புரியவில்லை. துடைப்பத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ரொஸீனாவைப் பார்த்தாள்.

நென்னுவும் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. அது அவர் கத்தியதைவிட மோசமாக இருந்தது.

"நீ பின்னாடி இருந்தியே. நம்ம வீட்டுப் பொண்ணு நீ. ஒரு ஹாரன் அடிக்க மாட்ட?"

ரொஸீனா மஞ்சள் சட்டையின் பட்டனைத் திருகினாள்.

"அடிச்சாங்க" என்றாள் டோரியான்.

நென்னு திரும்பினார்.

"அக்கா ஹாரன் அடிச்சாங்க. நீளமா. இந்த இத்தாலிக்காரங்க போட்ட கூச்சல்ல நான் சும்மா விளையாட்டுக்குன்னு நினைச்சுட்டேன். தப்பு என்மேல."

ரொஸீனா இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை. ஆட்டாமலிருந்ததே ஆமாம் என்று ஆகிவிட்டது.

டோரியான் சட்டையைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டு அங்கே கிடந்த மரக் கரண்டி ஒன்றை எடுத்தாள். மேலாக ஒரு விரல் கனம் வழித்து எடுத்தால் அடியில் இருப்பதைக் காப்பாற்றலாம். ஆனால் மேலே படிவதுதான் பூப்போன்ற உப்பு, நென்னுவின் பெயரே அதில்தான் இருக்கிறது. சமையல்காரர்கள் படகேறி வந்து வாங்கிப் போவது அதைத்தான். விருந்தாளிகளும் ஒவ்வொருவராக இறங்கி வழித்தார்கள். டீட்டர் ஹெல்மெட்டோடு குனிந்து வழித்தார். இதுவும் சுற்றுலாவில் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, மிகவும் சந்தோஷமாக இருந்தார்.

"எல்லாத்தையும் விஸ்தீனுக்கு அனுப்பறேன்" என்று கேமராவைத் தட்டிக் காட்டினார்.

கிளம்பும்போது நென்னு துடைப்பத்தைப் பிடுங்கிப் பாதைக்குக் குறுக்கே போட்டார்.

"நாளைலேருந்து உங்க வண்டி ஒண்ணும் இந்தப் பக்கம் வரக்கூடாது. உங்க மாமாகிட்ட சொல்லிடுங்க. தங்கச்சி வீடுன்னு பாத்தது போதும்."

* * *

சாயங்காலம் வீட்டு மொட்டை மாடியில் விஸ்தீனின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. உப்பளத்துப் பாதை போனால் சுற்றுலாவில் பாதி போனது. திருவிழா வெடி போட்டுப் போட்டு ஒரு காது போனவர் என்பதால் அவர் மெதுவாகப் பேசினாலே தெருவுக்குக் கேட்கும். இன்று அவர் மெதுவாகப் பேசவில்லை.

"மூணு பாஷை தெரிஞ்சு என்ன புண்ணியம்? ஒரு தொடப்பம் பேசுறது புரியல உனக்கு! கழட்டு அத."

டோரியான் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி மடித்து நீட்டினாள். கிரிஸ்பின் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவள் கண்ணாலேயே அடக்கிவிட்டாள். விஸ்தீன் சட்டையை வாங்கி ரொஸீனாவிடம் எறிந்தார்.

"நீ போட்டுக்க. நான் பண்ணது முட்டாள்தனம். போட்டுக்கன்னா!"

ரொஸீனா போட்டுக்கொண்டாள். ஒரு வாரமாகத் தூக்கத்தில்கூட இதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள்? தோளில் அது நனைந்த துணி மாதிரி கனத்தது. சல்வு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், சிரிக்கவில்லை.

நீலப் பையில் ஏதோ உறுத்தியது. கையை விட்டாள். சோம்பு மிட்டாய், பை நிறைய, புதிது. தின்ற இரண்டுக்கு ஒரு பொட்டலமே வாங்கி நிரப்பி வைத்திருக்கிறாள் பாவி.

அடுக்களையில் டோரியான் ஆட்டுப் பாலாடைக்கட்டியைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ரொஸீனா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"எப்படி?"

"நடிக்காத. அதுக்குத்தான் உன்ன எல்லாருக்கும் பிடிக்குது, என்கிட்ட வேண்டாம். நான் ஹாரன் அடிக்கல."

டோரியான் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும் அக்கா. வளைவுல திரும்பறப்ப கண்ணாடியில பாத்தேன். மேட்டு மேல நீங்க வண்டிய மெதுவாக்கிட்டு எழுந்து நின்னீங்க. என்னவோ இருக்குன்னு தோணுச்சு. ஊதுவீங்கன்னு பாத்தேன். ஊதல. சரி, ஒண்ணுமில்ல போலன்னு போயிட்டேன்."

"அப்புறம் எதுக்குப் பொய்?"

"நீங்க ஊதலன்னு தெரிஞ்சா உங்க அண்ணன் உங்ககிட்ட பேசறத நிறுத்திடுவாரு. என்கிட்ட அவரு என்னிக்குப் பேசியிருக்காரு? எனக்கு நஷ்டம் கம்மி." தட்டை எடுத்துக்கொண்டாள். "அதுவுமில்லாம, உங்க சட்டைய நான் கேட்டு வாங்கல. ஆனா வேண்டாம்னும் சொல்லல. அதுக்கு இது சரியாப் போச்சு."

ரொஸீனா அவளை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். நன்றி வரவில்லை. அழுகை வரவில்லை. வந்தது பழைய எரிச்சல்தான், முன்னைவிடப் பெரிதாக. சட்டை கிடைத்துவிட்டது, ஆனால் நல்லவள் என்கிற பெயரை இவள் எடுத்துக்கொண்டு போகிறாளே! யாருக்கும் தெரியாமல் நல்லவளாக இருக்கிறாளே! இதை எப்படிப் பிடுங்குவது?

"ரொஸீன்! டோரியான்! எல்லாரும் மேல வாங்க!" விஸ்தீனின் குரல் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது. "ஜெர்மன்காரர் வீடியோ அனுப்பிட்டாரு! நென்னுவும் வந்திருக்காரு!"

விருந்தாளிகள் அனுப்பும் வீடியோ என்றால் விஸ்தீனுக்கு உயிர். மாடியில் டிவியை வைத்து வீட்டோடு உட்கார்ந்து பார்ப்பார். நென்னுவை அவர்தான் சமாதானம் பேச வரவழைத்திருந்தார். நென்னு தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"பாருங்க நென்னு" என்றார் விஸ்தீன். "உங்க தங்கச்சி ஹாரன் அடிச்சது இதுல கேக்கும். எங்க வீட்டு மூத்த மருமகமேல தப்பு இல்லன்னு நீங்களே உங்க காதால கேளுங்க. கேட்டுட்டு அப்புறம் பாதையப் பத்திப் பேசுவோம்."

ரொஸீனா டோரியானைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். இரண்டு பேருமே கேமராவை மறந்துவிட்டிருந்தார்கள்.

திரையில் மேடு இறங்கியது. இஞ்சின் இரைச்சல், இத்தாலியர்களின் ஊளை, டீட்டரின் மூச்சு. வளைவு நெருங்கியது. துடைப்பம் தெரிந்தது. நென்னு முன்னால் குனிந்தார்.

மடியில் கிடந்த ரொஸீனாவின் இடது கட்டைவிரல் தானாக அழுந்தியது.

துடைப்பம் திரையின் ஓரத்தில் நகர்ந்து மறைந்தது. இஞ்சின் இரைச்சல். புழுதி.

"எங்க?" விஸ்தீன் நல்ல காதைத் திருப்பினார். "எனக்குத்தான் கேக்கலயா? சல்வு, திரும்பப் போடு. சத்தத்தக் கூட்டு."

சல்வு ரிமோட்டை எடுத்தான். மனைவியைப் பார்த்தான். டோரியான் அவசரமாகச் சொன்னாள்: "மாமா, அந்த கேமராவுல சத்தம் சரியா..."

அவளை முடிக்கவிட்டால் இதுவும் அவளுடையதாகிவிடும். ரொஸீனா எழுந்துவிட்டாள்.

"எத்தன தரம் போட்டாலும் கேக்காது மாமா. நான் ஊதவே இல்ல. தொடப்பத்தப் பாத்தேன், ஊதல. காலையில இவ என்கிட்ட கேட்டா, அப்பவும் சொல்லல. இவ அசிங்கப்படணும்னு இருந்தேன்."

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். ஒன்றும் இறங்கவில்லை. திரையில் டீட்டர் சந்தோஷமாக உப்பு வழித்துக்கொண்டிருந்தார்.

நென்னு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார். படிக்கட்டை நோக்கி நடந்தவர் டோரியானுக்கு எதிரே நின்றார். அவள் கையிலிருந்த தட்டிலிருந்து ஒரு துண்டு பாலாடைக்கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில உப்பளத்துக்கு வா" என்றார். "தொடப்பம் எப்ப நிக்கும், எப்ப நிக்காதுன்னு காட்டறேன். நீ வர்றதா இருந்தா பாதை தெறந்திருக்கும்."

ஆரஞ்சுச் சட்டையோடு நடுவில் நின்ற தங்கையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளைச் சுற்றிக்கொண்டு போய்ப் படியில் இறங்கினார்.